சிரட்டையில் முண்டு மிளகாய் நாற்று: தோட்டக்காரருக்கு ஒரு கிறிஸ்துமஸ் கொட்டான்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கார்த்திகை பிறந்தால் மழை விட்ட நேரம் வாடைக்காற்று, காற்று அடங்கிய நேரம் மழை. தோட்டம் வைத்திருப்பவர் வாசலில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அவருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கடையில் விற்கும் கருவிப் பெட்டியை வாங்கிக் கொடுக்காதீர்கள். மெல்லிய இரும்பு உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறிவிடும். ஓலைக் கொட்டானில் நாலு சிரட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு மிளகாய் நாற்று. காலையில் எட்டிப் பார்க்க இலை ஒன்று புதிதாக விட்டிருந்தால் அடைமழை நாளும் நகர்ந்துவிடும்.

விதை. நவம்பர் 10-க்குள் ஊன்றினால் கிறிஸ்துமஸுக்கு 45 நாள் நாற்று. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு (குண்டு மிளகாய்) வத்தலே விதைக்குப் போதும். நாட்டு ரகம் என்பதால் தாய்ச்செடியின் குணம் பெரும்பாலும் மாறாது. இந்த ஆண்டு வத்தலாக இருக்கட்டும், நிறம் வெளுத்த சோடை வேண்டாம். அக்டோபர் கடைசியிலேயே பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். பத்து நாளில் ஏழு விதையாவது முளைக்காவிட்டால் வேறு வத்தல் பாருங்கள்.

நார்க்கழிவு. நாற்று கருகுவது பெரும்பாலும் இங்கேதான். கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் உவர். உப்பை உப்பால் கழுவினால் எப்படிப் போகும்? மாடியில் விழும் மழைநீரைப் பிடியுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தால் தூசி இராது. 650 கிராம் கட்டியை ஐந்து லிட்டர் மழைநீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் சாக்கில் கொட்டிப் பிழிந்து, புதுத் தண்ணீரில் அலசி, மறுபடி பிழியுங்கள். மூன்று முறை. நிறம் வெளுத்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிறம் வேறு, உப்பு வேறு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் இருந்தால் கடைசியாக வடியும் நீர் 300 பிபிஎம்முக்குக் கீழே காட்ட வேண்டும். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகினால் முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள், உரத்தை அள்ளிப் போடாதீர்கள்.

கழுவியது இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பு போக, சிப்பிச் சுண்ணாம்பும் சேர்ந்து வரும்.

ஊன்றுதல். சிரட்டையின் அடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் மூன்று துளை. விதையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைப் புரட்டி (கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, உங்களுக்கு ஒரு சிட்டிகை), சிரட்டைக்கு மூன்று விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். முளைத்த பின் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் அசையும்.

தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நீர்கோத்து, நாற்று மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். அதிக ஈரத்தில்தான் இந்த நோய் வரும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

இடம். வாடை வடகிழக்கிலிருந்து வரும். டிசம்பரில் வெயில் தெற்கே சாய்ந்து விழும். ஆக வீட்டின் தெற்குச் சுவர் ஓரம் காற்றுக்கு மறைவு, வெயிலுக்கும் தோது. கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கொட்டானோடு ஒரு லிட்டர் பாட்டிலில் மழைநீரும் கொடுங்கள், மூடியில் குண்டூசியால் ஐந்தாறு துளை போட்டு. பூவாளியைவிட இதுதான் சிரட்டைக்குச் சரி.

பிறகு சேர்த்தது: கொட்டானைக் கிறிஸ்துமஸ் குடில் பக்கத்தில் அழகுக்கு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். ராத்திரி வைக்கலாம். சீரியல் பல்பு வெளிச்சம் போதாது. மூன்று நாள் உள்ளேயே கிடந்தால் நாற்று வெளிறி நெட்டையாகிவிடும். விடிந்ததும் வெளியே எடுங்கள்.

டிசம்பர் பிறந்த பிறகு படிப்பவர்கள் மிளகாயை விடுங்கள். அதே சிரட்டையில் 15-ஆம் தேதி கேழ்வரகைத் தூவுங்கள். குடிலுக்குப் புல்லாகும் பச்சை, பத்து நாளில் தயார்.

கொட்டானில் ஒரு சீட்டு கட்டி இதை எழுதுங்கள்: "மழை குறைந்ததும் சிரட்டையை உடைத்து, மண் உதிராமல் நடவும். செடிக்குச் செடி ஒன்றரை அடி."