நீதிமன்றத் தவணையைக் கட்ட முடியாதபோது

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், கடனுக்காக நீதிமன்றம் விதித்த மாதத் தவணையைக் கட்ட முடியாமல் போனவர்களில் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வங்கியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் விடலாம். நீதிமன்றத் தாளை அப்படி விட முடியாது. கட்ட முடியவில்லை என்பதை, தவணை தவறுவதற்கு முன்பே நீதிமன்றத்தில் எழுத்து மூலம் சொல்லிவிட வேண்டும்.

முதலில் கையிலுள்ள தாள் எது என்று பாருங்கள். 'பெங்ஹாக்கிமான் இங்கார்' என்றிருந்தால், நீங்கள் வராத நிலையில் தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது என்று பொருள். வழக்கு மனு பழைய லயத்து வீட்டு முகவரிக்குப் போய், நீங்கள் அதைப் பார்க்கவே இல்லையென்றால், அல்லது அந்தக் கடனே உங்களுடையதல்ல என்றால், தீர்ப்பு கைக்கு வந்து 30 நாள்களுக்குள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். 'சமன் பெங்ஹுத்தாங் பெங்ஹாக்கிமான்' என்பது, 1957ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தின்கீழ் உங்கள் வரவு செலவை விசாரித்துத் தவணையை முடிவு செய்வதற்கான சம்மன். 'நோட்டிஸ் துஞ்சுக் செபாப்', அதாவது காரணம் கேட்கும் அறிவிப்பு, வந்திருந்தால் நிலைமை முற்றிவிட்டது. தவணையை ஏன் கட்டவில்லை என்று காரணம் காட்டத் தவறுபவரைச் சிறைக்கு அனுப்பவும் அந்தச் சட்டம் இடமளிக்கிறது. இந்தச் சம்மனோ நோட்டிஸோ எது வந்தாலும், குறிப்பிட்ட நாளில் நேரில் போய் நிற்க வேண்டும். வேலை நாள் போய்விடும் என்று தயங்கினால், இழப்பு ஒரு நாள் சம்பளத்தோடு நிற்காது.

விசாரணை நாளன்று, அழைப்பதற்கு முன், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தாழ்வாரத்தில் உங்களிடம் வந்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்கக்கூடும். பதற்றத்தில் பெரிய தொகையைச் சொல்லிவிடுபவர்களே அதிகம். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அந்த ஒரு சொல்லில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஆகவே கணக்கை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, பிடித்து, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500 வெள்ளிதான். மளிகை, மின்கட்டணம், தண்ணீர், பள்ளிப் பேருந்து, மோட்டார் சைக்கிள் தவணை, அம்மாவின் மருந்து என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதி, பில்களை இணையுங்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரே சம்பளம் வருவதில்லை. மழை மாதங்களில் வேலை நாள் குறையும். ஒரு மாதச் சம்பளச் சீட்டை மட்டும் காட்டினால் நல்ல மாதத்தை வைத்தே தவணை நிர்ணயமாகிவிடும் என்பதால், ஆறு மாதச் சீட்டுகளையாவது கொண்டுபோவது நல்லது.

குறைவான தவணையைக் கேட்பவர்கள் வட்டியையும் கவனிக்க வேண்டும். தீர்ப்புக் கடனுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஓடும். கடன் ஒப்பந்தத்தின்படி வேறு விகிதமும் இருக்கலாம் என்பதால் தீர்ப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் 12,000 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 600 வெள்ளி, மாதத்திற்கு 50 வெள்ளி வட்டியாகவே போய்விடும். மாதம் 50 வெள்ளி கட்டுபவர் அசலில் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை. 150 கட்டுபவருக்குத்தான் நூறு வெள்ளி அசலில் கழியும்.

முதலில் ஒத்துக்கொண்ட தவணை பின்னர் சுமையாகிவிட்டால், வேலை போனாலும், விபத்தில் கால் முறிந்தாலும், அதே நீதிமன்றத்தில் உத்தரவை மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். 'நோட்டிஸ் பெர்மொஹோனான்' என்ற படிவமும், நிலைமையை விவரிக்கும் 'அஃபிடாவிட்' (சத்தியப் பிரமாணப் பத்திரம்) ஒன்றும் தேவை. அஃபிடாவிட்டில் 'பெசுருஹ்ஜாயா சும்பா' எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். வேலைநீக்கக் கடிதம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் நகல்களை அதனுடன் இணைக்க வேண்டும். எதை எழுதுவது என்று தெரியாவிட்டால், ஈப்போவிலுள்ள ஜபாத்தான் பந்துவான் குவாமான் (அரசின் சட்ட உதவித் துறை) அலுவலகத்தில் சட்ட ஆலோசனை கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பம் கொடுத்துவிட்டோம் என்று கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். முடிந்த தொகையையாவது கட்டிக்கொண்டே இருங்கள்.

வங்கிக் கடன்கள் பல சேர்ந்திருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. வழக்கு முற்றுவதற்கு முன்பே அங்கே போவது நல்லது. திவால் என்ற சொல்லைக் கேட்டே பலர் நடுங்குகிறார்கள். கடன் 100,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் திவால் வழக்குத் தொடுக்க முடியாது. நண்பரின் சொந்த வீட்டுக் கடனுக்கோ உறவுப் பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ லாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவர்மீது திவால் வழக்குத் தொடுப்பதையும் திவால் சட்டத்தின் 2017 திருத்தம் தடுக்கிறது; ஆனால் அவர்மீதான தீர்ப்புக் கடன் அப்படியேதான் இருக்கும். ஊழியர் சேமநிதியிலுள்ள பணத்தையும் கடன்காரர் பறிமுதல் செய்ய முடியாது.

தவணை கட்ட ஆலோங் எனப்படும் உரிமமில்லாத வட்டிக்காரனிடம் போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரரே ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேல் வாங்கக் கூடாது. ஆலோங் அதை ஒரே மாதத்தில் கேட்பான்.

பணத்தை உத்தரவில் குறிப்பிட்டுள்ள கணக்கில் மட்டும் செலுத்துங்கள். வீட்டுக்கு வந்து ரொக்கமாகக் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். இயந்திரத்தில் வரும் ரசீதின் மை சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். அன்றைக்கே நகல் எடுத்து, மேலே வழக்கு எண்ணையும் எத்தனையாவது தவணை என்பதையும் பேனாவால் எழுதி, தீர்ப்போடு ஒரே கோப்பில் வையுங்கள்.