கிளியா செல்களின் எரிபொருள் கணக்கு: ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது

கிளியா என்பவை மூளையில் நியூரான்களுக்கு (நரம்புச் செல்களுக்கு) துணையாக இருக்கும் செல்கள், ஆஸ்ட்ரோசைட் அவற்றில் ஒரு வகை. 'அல்சைமருக்குக் காரணம் ஆஸ்ட்ரோசைட்டின் ஆற்றல் கோளாறு' என்கிற மாதிரித் தலைப்போடு ஓர் ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால், சுருக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். இந்தத் துறையில் தலைப்பு சொல்வது ஒன்றாகவும் ஆய்வகத்தில் அளந்தது வேறொன்றாகவும் இருப்பது சகஜம். உயிரியல் மாணவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் வீட்டில் ஒருவருக்கு நரம்பு நோய் வந்து இதையெல்லாம் தேடிப் படிக்கிறவர்களுக்கும் உதவும்.

முதலில் எந்தச் செல் என்று பாருங்கள். மனித மூளையில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி, நியூரான் அல்லாத செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு (நியூரானைவிட கிளியா பத்து மடங்கு என்ற பழைய கணக்கை யாராவது இன்னும் எழுதினால் மீதியையும் சந்தேகத்தோடே படியுங்கள்). கிளியாவிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஆஸ்ட்ரோசைட் ரத்தக் குழாயையும் நியூரான்களின் சந்திப்பையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிறது, நியூரான்கள் செய்தி அனுப்பும்போது சிந்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை உறிஞ்சி குளூட்டமைனாக மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது, மூளையில் இருக்கும் கொஞ்சநஞ்ச கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் பெரும்பாலும் அதனிடம்தான். ஒலிகோடெண்ட்ரோசைட் நியூரானின் நீண்ட இழையான ஆக்சானைச் சுற்றி மைலின் என்ற கொழுப்பு உறை போடுகிறது. மைக்ரோகிளியா நோய் எதிர்ப்புப் பிரிவு. இந்த மூன்றையும் கலந்து அரைத்து ஒரே எண்ணாகக் கொடுத்திருந்தால், அந்த எண்ணை வைத்து 'ஆஸ்ட்ரோசைட்' என்று பேச முடியாது.

அடுத்தது, எந்த எரிபொருள். இங்கே லாக்டேட் கதை தெரிந்திருக்க வேண்டும். 1994இல் லூக் பெல்லரன், பியர் மாஜிஸ்ட்ரெட்டி இருவரும் முன்வைத்த கருத்து இது: குளூட்டமேட்டோடு சேர்ந்து சோடியமும் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் வருகிறது, அதை வெளியே தள்ள ஆற்றல் செலவாகிறது, அதற்காக ஆஸ்ட்ரோசைட் குளுக்கோஸைக் கிளைகாலிசிஸ் வழியில் (ஆக்சிஜன் தேவைப்படாத முறையில்) வேகமாக உடைத்து, அதில் வரும் லாக்டேட்டை வெளியே விடுகிறது, பக்கத்து நியூரான் அதை எடுத்து எரிக்கிறது. அழகான கருத்து, ஆதரவும் நிறைய. ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை, ஏனென்றால் தூண்டப்பட்ட நியூரான் தானே நேரடியாகக் குளுக்கோஸை உடைக்கிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆகவே இந்தப் பரிமாற்றத்தை நிரூபணமான உண்மையாக எடுத்துக்கொண்டு அதன் மேல் நோயைக் கட்டும் கட்டுரையைப் பார்த்தால் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஆக்சான் பக்கம் சான்று இன்னும் உறுதி என்பது என் கருத்து. 2012இல் வந்த இரண்டு ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள். ஒன்றில், எலிகளின் ஒலிகோடெண்ட்ரோசைட்டில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியை (ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் அமைப்பை) கெடுத்தார்கள். மைலின் போட்டு முடித்த செல்கள் கிளைகாலிசிஸை மட்டும் வைத்துப் பிழைத்துக்கொண்டன. இன்னொன்றில், லாக்டேட்டைக் கடத்தும் எம்சிடி1 புரதத்தை ஒலிகோடெண்ட்ரோசைட்டில் குறைத்ததும் ஆக்சான்கள் சிதைந்தன, ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நியூரான்கள் அழியும் நோய்) நோயாளிகளின் திசுவிலும் அந்தப் புரதம் குறைந்திருந்தது. ஒரு செல்லில் ஒரே ஒரு பொருளைக் குறைத்து, வேறொரு செல் பாதிக்கப்படுவதைக் காட்டுகிறார்கள் பாருங்கள், அந்த மாதிரி வடிவமைப்பைத்தான் தேட வேண்டும்.

இப்போது அளவீடு. அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பெட் ஸ்கேனில் (கதிரியக்க முத்திரையிட்ட, குளுக்கோஸ் போன்ற பொருளைச் செலுத்தி எடுக்கும் படத்தில்) மூளையின் ஒரு பகுதி மங்கலாகத் தெரிந்தால் அங்கே குளுக்கோஸ் உறிஞ்சுதல் குறைவு என்று மட்டுமே பொருள். உறிஞ்சியது யார் என்பதைப் படம் சொல்லாது. 'நியூரான்கள் இறந்துவிட்டன' என்று உடனே படிப்பது பழைய பழக்கம். 2017இல் ஒரு குழு எலிகளில் ஆஸ்ட்ரோசைட்டின் குளூட்டமேட் உறிஞ்சலை மருந்து கொடுத்துத் தூண்டியதும் பெட் சமிக்ஞை உயர்ந்தது, 2021இல் இன்னொரு குழு செல்களைப் பிரித்துப் பார்த்தபோது மைக்ரோகிளியாவும் கணிசமாக உறிஞ்சுவது தெரிந்தது.

செல் வளர்ப்பு என்றால் வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோஸ் எவ்வளவு என்று தேடுங்கள். பரவலாகப் புழங்கும் ஊடகம் ஒன்றில் 25 மில்லிமோலார் (செறிவின் அலகு) இருக்கும். மூளையில் செல்களுக்கு வெளியே இருப்பதோ சுமார் 1 முதல் 2 மில்லிமோலார். விருந்து வைத்துவிட்டு பசியை அளந்த கதைதான். சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சேர்த்திருந்தால் ஆஸ்ட்ரோசைட்டின் குணமே மாறிவிடும். செல்களின் ஆற்றல் பயன்பாட்டை அளக்கும் சீஹார்ஸ் கருவியின் அமில வெளியேற்ற அளவை நேராக 'கிளைகாலிசிஸ்' என்று எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், சுவாசத்தில் வரும் கார்பன் டைஆக்சைடும் ஊடகத்தை அமிலமாக்கும், அதைக் கழிக்க வேண்டும்.

ஆஸ்ட்ரோசைட்டை ஏ1, ஏ2 என்றும் மைக்ரோகிளியாவை எம்1, எம்2 என்றும் நல்லது கெட்டதாகப் பிரித்திருந்தால் தாண்டிப் போங்கள். ஆஸ்ட்ரோசைட்டுக்கு அந்த முத்திரை வேண்டாம் என்று 2021இலேயே துறையினர் கூட்டாக எழுதிவிட்டார்கள்.

அப்புறம் காரணமா விளைவா என்ற கேள்வி. நியூரான் செத்தால் பக்கத்து கிளியாவின் வளர்சிதை மாற்றம் மாறத்தான் செய்யும், அதனால் நோயாளியின் திசுவில் ஒரு மாற்றம் இருப்பது மட்டும் போதாது. மரபணுச் சான்று இருக்கிறதா, அதைச் சரிசெய்தால் நோய் குறைகிறதா, இரண்டையும் பாருங்கள். டிரெம்2 நல்ல எடுத்துக்காட்டு: மைக்ரோகிளியாவில் இருக்கும் இந்தப் புரதத்தின் ஒரு மரபணு மாற்றம் அல்சைமர் ஆபத்தைக் கூட்டுவது 2013இல் தெரியவந்தது, 2017இல் அந்தப் புரதம் இல்லாத எலிகளின் மைக்ரோகிளியா ஆற்றல் பற்றாக்குறையில் தவிப்பது தெரிந்தது, ஆற்றலை ஈடுகட்டும் சைக்ளோகிரியேட்டினை உணவில் கொடுத்ததும் நிலைமை தேறியது. சங்கிலி முழுதாக இருக்கிறது, ஆனாலும் எலியில்தான். செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் எலிகளில் ஆஸ்ட்ரோசைட்டின் குளூட்டமேட் கடத்தியைக் கூட்டி ஏஎல்எஸ் எலிகளுக்கு உதவியது, மனிதர்களில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் இல்லை.

ஆஸ்ட்ரோசைட்டின் பங்கில் சந்தேகமே இல்லாத ஒரு நோயையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அளக்க அது அளவுகோல். கல்லீரல் செயலிழந்தால் ரத்தத்தில் அம்மோனியா ஏறுகிறது, மூளையில் அதைக் கையாளும் குளூட்டமைன் சின்தடேஸ் நொதி பிரதானமாக ஆஸ்ட்ரோசைட்டில்தான் இருக்கிறது, குளூட்டமைன் குவிந்து செல் வீங்குகிறது, நோயாளி குழம்பிப்போகிறார். எலிகளில் அந்த நொதியைத் தடுத்தால் வீக்கம் குறைகிறது. அம்மோனியாவைக் குறைத்தால் நோயாளி தெளிகிறார்.

கடைசியாக, கீட்டோன் உணவை (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவை) எல்லா மூளை நோய்க்கும் தீர்வாகச் சொல்லும் பதிவுகள். குளுட்1 குறைபாட்டில் அது உண்மையான சிகிச்சை: குளுக்கோஸ் மூளைக்குள் நுழையும் வாசலே பழுது, கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன் வேறு வாசல் வழியாகப் போகிறது. அங்கே கோளாறு முக்கியமாக ரத்தக் குழாய்ச் சுவரில், அதை அப்படியே ஆஸ்ட்ரோசைட் கோளாறு எல்லாவற்றுக்கும் நீட்ட முடியாது. மருந்துக்கு அடங்காத வலிப்பிலும் இந்த உணவுக்கு நல்ல சான்று உண்டு, மருத்துவர் மேற்பார்வையில். கொழுப்பு அமிலங்களை எரிக்க முடியாத பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கும், பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதே உணவு ஆபத்து, அதனால் பரிசோதனை செய்து இவை இல்லை என்று உறுதியாகும் வரை குழந்தைக்கு இதைத் தொடங்க வேண்டாம்.