ரைசன் 5600-ஐ கேமிங்குக்காகப் பாதுகாப்பாக ஓவர்கிளாக் செய்வது எப்படி?

ஓவர்கிளாக் என்றால் ப்ராசசரை அதன் வழக்கமான வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவது. அதற்காக பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்பு திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போவதற்கு முன்னால், கேம் திணறுவதற்குக் காரணம் ப்ராசசர்தானா என்று பாருங்கள். கார்டும் ப்ராசசரும் எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை ஃபிரேம் லிமிட் எதுவும் போடாமல் ஆடுங்கள். கிராபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதத்திலேயே நிற்கிறதா? அப்படியென்றால் ப்ராசசரை எவ்வளவு முறுக்கினாலும் பெரிதாக ஒன்றும் கூடாது, காசு சேர்த்துக் கார்டை மாற்றுவதுதான் வழி. கார்டு 70-க்குக் கீழே சோம்பிக் கிடக்க, ஃபிரேம் மட்டும் தடுமாறினால் மேலே படியுங்கள்.

ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசசரை வைத்துச் சொல்கிறேன். 6 கோர், 65 வாட், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். மதர்போர்டு பி450, பி550, எக்ஸ்570 என்று ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும், ஏ320-யும் ஏ520-யும் இதற்கு ஆகாது. இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் கே இருக்கும் சிப்பும் இசட் வரிசை போர்டும் வேண்டும், அது தனிக்கதை. ஓவர்கிளாக்கால் சிப் கெட்டால் ஏஎம்டி வாரண்டி கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பழைய வீடியோக்களில் எல்லாக் கோருக்கும் 4.6 என்று போட்டு, வோல்டேஜை 1.4-ல் பூட்டிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். "சும்மா இருக்கும்போதே 1.4-க்கு மேல் காட்டுகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். ஒரு கோர் மட்டும் லேசாக வேலை பார்க்கும்போது மின்னோட்டம் குறைவு, அதனால் சிப் அந்த வோல்டேஜைத் தாங்கும். எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும்போது தானாகவே இறக்கிக்கொள்ளும். நீங்கள் பூட்டிவிட்டால் இறக்கிக்கொள்ள வழியில்லை, முழு வோல்டேஜும் முழு மின்னோட்டமும் சூட்டோடு சேர்ந்து சிப்பைத் தேய்க்கும், நாளாக ஆக அதே வேகத்துக்கே கூடுதல் வோல்டேஜ் கேட்க ஆரம்பிக்கும்.

முதலில் ரேம். டாஸ்க் மேனேஜரில் பாருங்கள், 3200 என்று வாங்கிய ரேம் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பி, சில போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும், ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்குக் கொண்டுவருவது அதுதான், அதை ஆன் செய்யுங்கள். நிறையப் பேருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து சூடு. 5600-க்கு உச்ச வரம்பு 90 டிகிரி. எல்லாக் கோருக்கும் முழு வேலை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருளில் வெப்பநிலையையும், கிடைத்த மதிப்பெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு வந்த குட்டிக் கூலரில் ஏற்கெனவே 85-ஐத் தொடுகிறது என்றால் மின்சார வரம்பை ஏற்றுவதில் அர்த்தமே இல்லை. இரவில் ஏசி போட்டு எடுத்த அளவை நம்ப வேண்டாம், அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை சிப்பிலும் ஏறும், சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கும் தாங்க வேண்டும்.

இனி பயாஸில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், சுருக்கமாக பிபிஓ. சிப் தானாக வேகம் எடுப்பதற்கான வரம்புகளைத் தளர்த்தும் ஏஎம்டியின் வசதி இது. அதை அட்வான்ஸ்டு என்று வையுங்கள். வரம்பு கேட்கும் இடத்தில் மதர்போர்டு என்று கொடுத்தால் போர்டு தன் இஷ்டத்துக்கு வாட்டை அள்ளி விடும். ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள், கேமுக்கு 5600-இன் இயல்பான மின்சார வரம்பான 76 வாட்டே பெரும்பாலும் போதும் (மேலே சொன்ன 65 பெட்டியில் போடும் கணக்கு). ஸ்கேலரைத் தொட வேண்டாம். தெர்மல் லிமிட் 85. உச்ச வேகத்தை ஏற்றும் பூஸ்ட் ஓவர்ரைடு முதலில் 100 மெகாஹெர்ட்ஸ், எல்லாம் நிலையாக ஓடினால் 200, அதற்கு மேல் அங்கே இடமும் இல்லை. 200-ல் நல்ல சிப்பாக இருந்தால் 4.6-ஐத் தொடும்.

உண்மையான லாபம் அதே பிபிஓவில் உள்ள கர்வ் ஆப்டிமைசரில் இருக்கிறது. நெகட்டிவ் 10 என்று எல்லாக் கோருக்கும் கொடுத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும், சூடும் குறையும், மிச்சமான இடத்தில் சிப் தானாகவே வேகம் எடுக்கும். சிப்பிலேயே சிறந்த கோர்கள் இரண்டு உண்டு, ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருள் அவற்றைக் குறியிட்டுக் காட்டும். அவற்றை 5-லோ 10-லோ நிறுத்திவிட்டு மற்றவற்றை 15, 20 என்று இறக்கிப் பார்க்கலாம். நெகட்டிவ் 30 எல்லாக் கோருக்கும் என்று யாராவது பெருமையடித்தால் அது அவருடைய சிப், உங்களுடையது அல்ல.

பலர் கோட்டை விடுவது சோதனையில்தான். சினிபெஞ்ச் ஓடிவிட்டது, ஆகவே எல்லாம் சரி என்று நினைப்பார்கள், மறுநாள் பிரவுசரில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது நீலத்திரைகூட வராமல் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். காரணம், எல்லாக் கோரும் உழைக்கும்போது வேகம் குறைவாக இருக்கும். லேசான வேலையில் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்கு எகிறும்போதுதான் நீங்கள் குறைத்த வோல்டேஜ் பற்றாமல் போகும். கோர்சைக்ளர் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றிச் சோதிக்கும், ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். திடீர் ரீஸ்டார்ட் வந்தால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் (WHEA-Logger), எண் 18 என்று ஒரு பதிவு கிடக்கும். அதிலுள்ள ஏபிஐசி ஐடி 0 அல்லது 1 என்றால் கோர் 0, 2 அல்லது 3 என்றால் கோர் 1, இப்படியே போகும். அந்தக் கோரை மட்டும் ஐந்து எண் திருப்பி ஏற்றிவிட்டு (நெகட்டிவ் 15 என்றால் நெகட்டிவ் 10) மறுபடி சோதியுங்கள். இதெல்லாம் முடியும்வரை முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவில் நகல் எடுத்து வைத்திருங்கள், நிலையில்லாத ரேமும் கோரும் விண்டோஸையே கெடுத்துவிடும்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். பயாஸை அப்டேட் செய்தாலும் அதில் நீங்கள் போட்ட அமைப்புகள் எல்லாம் அழியும், சில போர்டுகளில் சேமித்த ப்ரொஃபைல்கூட ஏற்காது. பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.