ஓணம் வேலையில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் சின்ன விளம்பர நிறுவனம் நடத்துகிறேன். கடைக்காரர்கள் தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் கேட்பார்கள். மொழிபெயர்க்க ஒருவர், படம் வரைய ஒருவர், அச்சுக்குக் கோயம்புத்தூர் என்று வெளியாட்களை நம்பித்தான் பிழைப்பு.

போன ஓணத்துக்கு ஒரு துணிக்கடை வேலையை 40,000 ரூபாய்க்குப் பேசினேன். முடிந்து இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் பில்கள் வந்தன. படம் வரைந்த தம்பி ஐந்து முறை மாற்றியதற்கும் தனித்தனியாகப் போட்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை. எத்தனை திருத்தம் என்று நான் சொல்லவே இல்லை. கூட்டிப் பார்த்தால் 38,500 வெளியே போயிருந்தது.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், கூகுள் ஷீட்டில் ஒரு வரி. கடைக்காரருக்கு விலை சொல்லும் முன்பே வெளியாட்களிடம் தொகை கேட்டு எழுதிவிடுகிறேன். என்ன வேலை, எந்தத் தேதிக்கு, எவ்வளவு, இரண்டு திருத்தம் வரை என்று அனுப்பி, அவர் 'சரி' என்ற பிறகுதான் ஆரம்பம். எண் இல்லாத பில்லுக்குப் பணம் கிடையாது. மூன்றாவது திருத்தமா? முதலில் கடைக்காரருக்கு போன் போட்டுக் கூடுதல் தொகைக்குச் சம்மதம் வாங்குவேன்.

கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் எல்லை தாண்டி வரும் அச்சு பில்லில் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரத்துக்கான ஜிஎஸ்டி, இருக்கும். நம் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். தப்பாக இருந்தால் உள்ளீட்டு வரி வரவு எடுப்பது, அதாவது அந்தப் பில்லில் கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, பெரும்பாடு.

அப்புறம், வேலை முடிந்த ஏழாம் நாள் வெளியாட்களுக்குப் பணம் போய்விடும். இந்த விஷு வேலைக்கும் அந்தத் தம்பியேதான் வரைந்தார்.