பைத்தானை மூலநிரலிலிருந்து கட்டி நிறுவும் முறை

லினக்ஸில் பைத்தான் நிரல்மொழியைக் கட்டுவதற்கு, அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றுவதற்கு முன், அந்த மாற்றத்தைச் செய்யும் சி கம்பைலரோடு ஓப்பன்எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கானது), இசட்லிப் (தரவைச் சுருக்குவதற்கானது), லிப்எஃப்எஃப்ஐ (சி நூலகங்களை அழைப்பதற்கானது) ஆகிய நூலகங்களின் டெவலப்மென்ட் தொகுப்புகளையும் நிறுவிக்கொள்ள வேண்டும். இவை இல்லாவிட்டாலும் கட்டுமானம் பெரும்பாலும் பிழையின்றி முடிந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஓப்பன்எஸ்எஸ்எல் விடுபட்டது, பின்னர் பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் இணையத்திலிருந்து எதையும் இறக்க முடியாமல் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியவரும். ஆகவே, கட்டும் வேலையைச் செய்யும் மேக் (make) கட்டளை முடிவில் அச்சிடும் விடுபட்ட மாட்யூல்களின் பட்டியலை அவசியம் படியுங்கள்.

மூலநிரலை விரித்த அடைவில் முதலில், கட்டுமானத்துக்கான அமைப்புகளைத் தயார்செய்யும் கன்ஃபிகர் (configure) ஸ்கிரிப்டை இயக்குங்கள். எங்கே நிறுவுவது என்பதை அதன் பிரிஃபிக்ஸ் (--prefix) தேர்வில் குறிப்பிடலாம். வீட்டு அடைவுக்குள் ஓர் இடத்தைக் கொடுத்தால் நிர்வாகி உரிமை தேவைப்படாது, வேண்டாதபோது அந்த அடைவை அழித்தாலே போதும். வேகத்தைக் கூட்டும் ஆப்டிமைசேஷன் (--enable-optimizations) தேர்வு கட்டும் நேரத்தைப் பெரிதும் நீட்டிக்கும் என்பதால், சோதித்துப் பார்ப்பதற்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அடுத்து மேக் கட்டளையை இயக்கி, நிறைவாக நிறுவுவதற்கு, வழக்கமான இன்ஸ்டாலுக்குப் (make install) பதில் ஆல்ட்இன்ஸ்டாலைப் (make altinstall) பயன்படுத்துங்கள். அது பதிப்பு எண்ணோடு கூடிய பெயரில் மட்டுமே நிறுவுவதால், ஏற்கெனவே உள்ள பைத்தான்3 கட்டளையை மாற்றிவிடாது.

மேக்ஓஎஸ்ஸிலும் படிகள் இவையே. ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளை நிறுவி, ஹோம்புரூ என்ற தொகுப்பு நிறுவி வழியே பெற்ற ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்குமிடத்தைக் கன்ஃபிகருக்குச் சொல்ல வேண்டும்.

விண்டோஸில் கன்ஃபிகரும் இல்லை, மேக் கட்டளையும் இல்லை. விஷுவல் ஸ்டுடியோவின் சி++ கருவிகளை நிறுவியபின், மூலநிரலின் பிசிபில்ட் (PCbuild) அடைவிலுள்ள பில்ட் பேட்ச் கோப்பை (build.bat) இயக்கினால், தேவையான நூலகங்களை அதுவே இறக்கிக்கொள்ளும்.