தூசி பறக்காமல் ரைல்ஸ் வெட்டுவது எப்படி? புதிதாக மேசன் வேலைக்கு வருபவர்களுக்கு

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வீடு கட்டும் வளவுகளில் இது வழக்கமான காட்சி. உள்ளே கிறைண்டர் கத்திக்கொண்டிருக்கும். ரைல்ஸ் வெட்டுகிற பெடியனின் தலைமுடி, இமை, காது எல்லாம் வெள்ளை. மூக்கைச் சுற்றி ஒரு லேஞ்சி. அந்த லேஞ்சியால் பயன் ஒன்றும் இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது சுமார் 4 மைக்ரோனும் அதைவிடச் சிறியதுமான துகள். தலைமுடியின் தடிப்பே 70 மைக்ரோன் அளவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துகளில் சிலிக்கா என்கிற, மணலிலும் கல்லிலும் உள்ள கனிமம் இருந்தால் நுரையீரலில் தழும்பு விழும். இதுதான் சிலிக்கோசிஸ். விழுந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997 இல் வகைப்படுத்தியது.

மணல், கருங்கல், கொங்கிறீற், செங்கல், ரைல்ஸ் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் வேறு. சுண்ணாம்புக்கல்லில் பொதுவாக 2 சதவீதம் அளவு. கிரனைட் வகைக் கருங்கல்லில் 20 முதல் 45 வரை. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லோடு பழகியவர் வவுனியாப் பக்கம் கருங்கல் வேலைக்கு வந்தால், பழைய பழக்கத்தோடு நிற்கக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: வெட்டைக் குறையுங்கள்

சாந்து குழைக்க முன் ரைல்ஸை வெறுந்தரையில் பரப்பிப் பாருங்கள். வெட்டுத் துண்டுகள் ஒரே சுவரோரமாக விழும்படி மாற்றினால் பாதி வேலை மிச்சம். நேர்வெட்டுக்கு மெஷினே வேண்டாம். கீறி முறிக்கும் கைக் கட்டர் போதும், தூசி மிகவும் குறைவு. வயரிங் குழாயைப் பூச்சுக்கு முன்பே பதித்துவிட்டால் பிறகு சுவரைக் கிழிக்கத் தேவையில்லை. இதை வீட்டுக்காரரிடம் முதலே பேசிவிடுங்கள்.

படி 2: வெட்டும் இடத்தில் தண்ணீர்

முக்கியமான படி இதுதான். தூசி காற்றில் ஏறிய பிறகு அதைப் பிடிப்பது கஷ்டம். பிறக்கிற இடத்திலேயே நனைத்துவிட வேண்டும். தண்ணீர்த் தட்டு உள்ள ரைல்ஸ் மெஷின் என்றால், பிளேட்டின் அடி தண்ணீரில் தோய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். வன்னி வெயிலில் தட்டு சீக்கிரம் வற்றும். சேறு தடித்தால் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். கொங்கிறீற் வெட்டும் பெற்றோல் மெஷினுக்கு ஹோஸ் பூட்டும் வாய் இருக்கும். நிமிடத்துக்கு அரை லீற்றராவது பிளேட்டில் விழ வேண்டும். கல்லை முன்கூட்டியே நனைத்துவிட்டு வெட்டினால் போதாது. பிளேட் உள்ளே இறங்க இறங்கக் காய்ந்த கல்தான் வரும்.

சாதாரணக் கை கிறைண்டரில் போத்தலால் தண்ணீர் ஊற்றுவதைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். அது ஈரத்துக்குச் செய்த மெஷின் அல்ல, கரண்ட் அடிக்கும். ஈரத்துக்கென்று செய்த மெஷினையும் ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில்தான் போட வேண்டும்.

படி 3: காற்றைப் பாருங்கள்

அறைக்குள் வெட்ட வேண்டாம், முற்றத்துக்கு வாருங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்று முதுகில் படாமல் பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள். முதுகில் பட்டால் முகத்துக்கு முன்னால் சுழல் உண்டாகித் தூசியைத் திருப்பித் தரும். சாந்து குழைப்பவர், தேத்தண்ணி அடுப்பு எதுவும் காற்று போகிற பக்கம் இருக்கக் கூடாது.

படி 4: மாஸ்க்

கடைசிக் காவல் இது, முதல் காவல் அல்ல. குறைந்தது என்95 வேண்டும். நீல நிற ஆஸ்பத்திரி மாஸ்க் இதற்கு ஆகாது. இரண்டு பட்டி உள்ளதாக வாங்குங்கள். மேல் பட்டி உச்சிக்கு, கீழ் பட்டி காதுக்குக் கீழே பிடரிக்கு. இரண்டையும் ஒன்றாகக் கழுத்தில் போட்டால் நாடிப் பக்கம் திறந்துவிடும். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்துங்கள். பிறகு மாஸ்க்கைக் கைகளால் பொத்தி வேகமாக மூச்சு விடுங்கள். கண் பக்கம் காற்று வந்தால் திருப்பிப் போடுங்கள். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. இதைச் சொன்னால் பெடியளுக்குக் கோபம் வரும், என்ன செய்வது? மாஸ்க் செலவு கொந்தராத்துக்காரருடையது. நாட்கூலியில் வாங்கச் சொல்வது அநியாயம்.

படி 5: துப்புரவு

காய்ந்த தூசியைத் தும்புத்தடியால் கூட்டினால், வெட்டியபோது அடங்கியதெல்லாம் மறுபடி எழும்பும். சேறு காய முன் ஈரத்துணியால் அள்ளுங்கள். உடுப்பைக் கொம்பிரசரால் ஊதாதீர்கள், உதறவும் வேண்டாம். வேறு சேட் மாற்றி, முகம் கை கழுவி, பிறகு சோறு. வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். வீட்டில் அதைத் தனியாக ஊறவையுங்கள்.

படி 6: ஆஸ்பத்திரியில்

சிலிக்கோசிஸ் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். மாறாத இருமலோ, முன்பு சுமந்த சீமெந்துப் பையோடு இப்போது மூச்சு வாங்குவதோ இருந்தால் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எத்தனை வருடமாகக் கல் வேலை, ரைல்ஸா கருங்கல்லா, காய்ந்த வெட்டா ஈர வெட்டா. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் அந்தப் படத்தை எறியாமல் வைத்திருங்கள். அடுத்த தடவை எடுக்கும் படத்தோடு ஒப்பிட அது தேவைப்படும்.