விண்டோஸ் 11-க்கு ஏற்றும் முன்: உங்கள் லைசென்ஸ் கணினியுடையதா, உங்களுடையதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் பலரும் வீட்டுக் கணினியை 11-க்கு ஏற்றி வருகிறார்கள். ஏற்றுவது சுலபம்தான், பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். லைசென்ஸ் சிக்கல் பெரும்பாலும் அப்புறம்தான் தலைகாட்டும்: மதர்போர்டு (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பழுதாகும்போது, புதுக் கணினி வாங்கும்போது, பழையதை விற்கும்போது. ஏற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் இந்தத் தலைவலியைத் தவிர்க்கலாம்.

முதலில் ஒரு அடிப்படை. காசு கொடுத்து வாங்கினாலும் நமக்குக் கிடைப்பது விண்டோஸ் அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதி. அந்த அனுமதி ஒரு கணினியோடு ஒட்டியிருக்கலாம், அல்லது வாங்கியவரோடு வரலாம். எது உங்களிடம் இருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

படி 1: பதிப்பைப் பாருங்கள்

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் திறந்து, அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் ஆக்டிவேஷன் (லைசென்ஸ் செல்லுமா என்ற சரிபார்ப்பு) பக்கத்துக்குப் போங்கள். ஹோமா, புரோவா என்று அங்கே இருக்கும். ஹோம் வைத்திருந்தால் 11 ஹோம், புரோ வைத்திருந்தால் 11 புரோ. இலவசமாக ஏற்றும்போது ஹோம் தானாகப் புரோ ஆகாது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

படி 2: லைசென்ஸின் வகையைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, அதை ஒட்டியே டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில விநாடிகள் எதுவும் நடக்காததுபோல் இருக்கும், பொறுங்கள். பிறகு ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் ஹோம் என்று தேடாதீர்கள், ஹோம் பதிப்பின் பெயர் அங்கே 'கோர்' என்றுதான் இருக்கும். 'சேனல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஓஇஎம் என்று இருந்தால், விண்டோஸ் அந்தக் கணினியோடு சேர்ந்தே வந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இப்படி வரும் கணினிகளில் புராடக்ட் கீ (லைசென்ஸுக்கான எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது அதில் பதிந்திருக்கும் மென்பொருளிலேயே, எழுதப்பட்டிருக்கும். கணினியை விற்றால் லைசென்ஸும் அதோடு போய்விடும். பிரித்தெடுத்து வேறு கணினியில் போட விதிகளில் இடமில்லை. மதர்போர்டு பழுதாகி மாற்றினால் லைசென்ஸ் தொடரும். வேகமான ஒன்று வேண்டுமென்று நீங்களாக மாற்றினால், விதிகளின்படி அது புதுக் கணினி, புது லைசென்ஸ் தேவை.

ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கியது. அது உங்களோடு வரும். நாளை வேறு கணினி வாங்கினால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் இருக்க வேண்டும், பழையதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

வால்யூம் என்று வந்தால் அது ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட லைசென்ஸ். அலுவலக மடிக்கணினி என்றால் இது இயல்பு, ஏற்றுவதா வேண்டாமா என்பதை அங்குள்ள ஐடி பிரிவிடம் விட்டுவிடுங்கள். உங்கள் சொந்தக் கணினியில் வால்யூம் என்று வந்தால், யாரோ ஒரு நிறுவனத்தின் கீயை அதில் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் மிக மலிவாக விற்கும் கீகளில் இப்படிப்பட்டவையும் உண்டு. போட்டதும் வேலை செய்யும், ஒருநாள் முடக்கப்பட்டால் போட்ட காசு போனதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரீடெய்ல் என்று காட்டிவிட்டாலே லைசென்ஸ் உங்களுடையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விண்டோஸ் 7 அல்லது 8.1-ஓடு வந்த கணினியை இலவசமாக 10-க்கு ஏற்றியிருந்தால், மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஒரு பொதுக் கீயைத்தான் அதில் போடும். அந்தக் கீ ரீடெய்ல் வகை என்பதால் பெட்டியும் அப்படியே காட்டும். அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் இருக்கும். ஹோமில் '8 எச் வி எக்ஸ் 7' என்றோ, புரோவில் '3 வி 6 6 டி' என்றோ முடிந்தால் அது பொதுக் கீ. உண்மையான அனுமதி டிஜிட்டல் லைசென்ஸாக மைக்ரோசாஃப்டின் சர்வரில் உங்கள் வன்பொருளோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதன் அடிப்படை பழைய ஓஇஎம் லைசென்ஸ் என்றால், ஓஇஎம் விதிதான் இதற்கும். கணினியை எப்படி வாங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விண்டோஸோடு வாங்கிய கணினி என்றால் லைசென்ஸ் அநேகமாகக் கணினியுடையதுதான்.

படி 3: மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணையுங்கள்

ஆக்டிவேஷன் பக்கத்தில், டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் கணக்கோடு இணைந்திருக்கிறது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கணக்கைச் சேர்க்கலாம். 2016-இல் வந்த ஆனிவர்சரி அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், என் மேசைக் கணினியில் மதர்போர்டு செத்துப்போய்ப் புதிது மாட்டியபோது, திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான எழுத்து வந்து நின்றது. நல்லவேளை, கணக்கு இணைந்திருந்தது. டிரபிள்ஷூட்டை அழுத்தி, சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கணக்கில் இருந்த கணினிகளின் பட்டியல் வந்தது. மூன்றுக்கும் டெஸ்க்டாப் என்று தொடங்கி, பின்னால் புரியாத எழுத்துகளோடு பெயர். எது எது என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாக முயன்றுதான் சரியானதைப் பிடித்தேன். அதனால், கணக்கை இணைக்கும்போதே கணினிக்கு அடையாளம் தெரியும்படி ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.

படி 4: வன்பொருள்

மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பாருங்கள். டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப்), செக்யூர் பூட் வசதி (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிப்பது), 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், ஆதரவுப் பட்டியலில் உள்ள பிராசஸர், இவை வேண்டும். இதில் தோற்றால் லைசென்ஸ் இருந்தும் பயனில்லை. தடையைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகள் உண்டு, ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அன்றாட வேலைக்கான கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

படி 5: ஏற்றுங்கள்

கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு விண்டோஸ் அப்டேட் வழியாகவே போங்கள். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கணினி என்றால் கீ கேட்காது.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினால் கீ கேட்கக்கூடும். கீ இல்லை என்பதை அழுத்தி, முதல் படியில் பார்த்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோமோடு வந்த கணினிக்குப் பிறகு புரோ வாங்கியவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள்: ஃபர்ம்வேரில் இருக்கும் ஹோம் கீயைப் படித்து, நிறுவும் மென்பொருள் கேட்காமலே ஹோமைப் போட்டுவிடும். பயப்பட வேண்டாம், நிறுவி முடித்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தில் புரோ கீயைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: மிச்சமிருக்கும் விண்டோஸ் 7 அல்லது 8 கீயை வைத்து 11-ஐ ஆக்டிவேட் செய்யும் வழி பல ஆண்டுகள் திறந்திருந்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது.

படி 6: ஏற்றிய பிறகு

11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய் நிலையைச் சரிபாருங்கள். பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் ரிகவரி பக்கத்திலிருந்து பழையதற்குத் திரும்பலாம், லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 10-இன் லைசென்ஸ் தனியாக மிச்சமிருக்கிறது, அதை வேறு கணினியில் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே லைசென்ஸ்தான். அதே கணினியில் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினியில்) இன்னொரு விண்டோஸ் ஓட்டினாலும் அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும்.

ரீடெய்ல் லைசென்ஸைப் புதுக் கணினிக்குக் கொண்டுபோகிறவர்கள், பழைய கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை அடிக்கும் சாளரத்தை) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, இரண்டாம் படியில் அடித்த அதே கட்டளையை அடியுங்கள். கோட்டுக்குப் பின் மட்டும் டி, எல், ஐ-க்குப் பதில் யு, பி, கே. கீ அகற்றப்பட்டது என்று ஒரு பெட்டி வரும். அதைப் பார்த்த பிறகு புதுக் கணினியில் கீயைக் கொடுங்கள்.